கண்ணாடித் தொட்டியில் ஒரு கடல்: பாசியை அடக்கும் வழி

கொச்சியில் குடியேறி வாழும் நமக்குக் கடல் புதியதன்று. மட்டாஞ்சேரியின் பண்டகசாலைத் தெருக்களில் நடந்தாலும், கோட்டைக் கொச்சியின் சீனவலைகளுக்கு அருகே நின்றாலும், உப்புக் காற்று நம்மை விடுவதில்லை. ஆயினும் அக்கடலின் ஒரு துளியை வீட்டுக்குள் கொணர்ந்து கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கும் வழக்கம் நம் குடும்பங்களுக்குப் புதியது. முன்பெல்லாம் தங்கமீன் விடப்பட்ட நன்னீர்த் தொட்டியே கூடத்தை அழகு செய்யும். இப்பொழுதோ, செம்மஞ்சள் நிறமும் வெண்பட்டையும் கொண்ட கோமாளி மீனைக் கண்ட குழந்தைகள் அதுவே வேண்டுமென்று அடம்பிடிக்கின்றனர். பெற்றோரும் இசைகின்றனர்.

முதல் வாரத்தில் தொட்டி பளிங்கு போல் ஒளிர்கிறது. உற்றார் உறவினர் வந்து வியக்கின்றனர். இரண்டாம் வாரத்தில் வெண்மணல்மேல் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒரு துகள் படிகிறது. மூன்றாம் வாரத்தில் கண்ணாடி மங்குகிறது; கற்களின்மேல் பச்சை மயிர் முளைக்கிறது. அன்றுமுதல் அவ்வீட்டில் மகிழ்ச்சி குறைந்து கவலை மிகுகிறது. ஒருவர் மருந்து ஊற்றச் சொல்கிறார். மற்றொருவர் நீரனைத்தையும் மாற்றச் சொல்கிறார். இரண்டையும் செய்தபின் மீன்கள் மடிகின்றன. சில மாதங்களில் தொட்டி பரணுக்கு ஏறுகிறது. வீணாவது பணம் மட்டுமன்று. நாம் கொணர்ந்து அடைத்த உயிர்கள் நம் பதற்றத்தால் மாள்கின்றன. அதைக் குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

இந்நிலை நேராதிருக்க வழியுண்டு. பாசி என்பது நோயன்று. அது ஒரு கணக்கு. தொட்டிக்குள் நாம் அறியாமல் எவ்வளவு உரம் சேர்த்தோம், எவ்வளவு ஒளி கொடுத்தோம் என்பதைப் பச்சை எழுத்தில் எழுதிக் காட்டும் பேரேடு எனலாம். ஏட்டைக் கிழித்தெறிவதால் கடன் தீராது. வரவைக் குறைத்துச் செலவைக் கூட்டினால்தான் தீரும். இக்கட்டுரை கூற விரும்புவது இவ்வொன்றே.

பாசி பகையா?

முதலில் வெளியே உள்ள பெருங்கடலைக் காண்போம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கேரளக் கரையை ஒட்டிய கடலில் ஆழத்துக் குளிர்நீர் மேலெழுகிறது. அடித்தளத்தில் தேங்கியிருந்த உரச்சத்துக்கள் அந்நீரோடு மேலே வருகின்றன. வெயில் படும் மேற்பரப்பில் அவை சேர்ந்தவுடன், கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. அவற்றுள் டயாட்டம் என்னும் சிலிக்கா ஓடுடைய பாசிகள் முக்கியமானவை. நம் அடுக்களைக்கு வரும் மத்தி மீன் அப்பாசிகளை உண்டே கொழுக்கிறது. புதுத் தொட்டியின் மணலில் படியும் பழுப்புத் துகளும் பெரும்பாலும் டயாட்டமே. கடலில் செல்வமாக விளங்குவது தொட்டியில் அழுக்காகத் தோன்றுகிறது.

இன்னோர் உதாரணமும் அண்மையிலேயே உளது. கொச்சிக்குத் தெற்கே கும்பளங்கியின் காயலோரங்களில், கோடையில் நீரின் உப்பு மிகும்போது, இரவில் நீலஒளி மினுங்குவதுண்டு. மலையாளிகள் அதனைக் ‘கவரு’ என்பர். அதைக் காணக் கூட்டம் திரளும். அவ்வொளியைத் தருவனவும் நுண்ணுயிர்களே; டைனோபிளாஜெல்லேட் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. இவற்றின் உறவினரும் சில சமயம் வீட்டுத் தொட்டியில் தோன்றுவதுண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

நம் இராமநாதபுரக் கரையிலோ பாசி பலருக்கு வாழ்வு. அங்குள்ள மகளிர் கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி முதலியவற்றைப் பறித்து விற்கின்றனர். அகர் என்னும் பசைப்பொருள் அவற்றிலிருந்தே பெறப்படுகிறது. ஆகவே பாசியைப் பழிப்பதில் பயனில்லை. அஃது இடமறிந்து, அளவோடு வளருமாறு செய்வதே நம் வேலை.

நத்தையால் வந்த நற்செய்தி

மீன்தொட்டியின் வரலாற்றிலேயே பாசி ஒரு பாத்திரம் ஏற்றிருக்கிறது. இலண்டனைச் சேர்ந்த இராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர் 1850இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். நீரை மாற்றாமலே மீன்களை வாழவைக்க முடியுமா என்பது அவர் ஆராய்ந்த கேள்வி. தங்கமீன்கள் இரண்டையும் நீர்ச்செடியையும் ஒரு பாத்திரத்தில் இட்டார். செடி உயிர்வளியைத் தரும். மீன் விடும் கரிவளியைச் செடி ஏற்கும் என்பது அவர் எண்ணம். ஆனால் செடியின் இலைகள் அழுகின. பாசியும் வழுவழுப்பும் பரவி நீர் கலங்கிற்று. அப்பொழுது அவர் குளத்து நத்தைகள் சிலவற்றை அதில் விட்டார். அவை அழுகலையும் பாசியையும் மேய்ந்தன, நீர் தெளிந்தது. மீன், செடி, நத்தை ஆகிய மூன்றும் கூடினால்தான் சமநிலை உண்டாகும் என்பது அன்று விளங்கிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் கடல்நீரிலும் இதே சோதனையைத் தொடங்கினார். 1853இல் இலண்டன் மிருகக்காட்சிசாலையில் பொதுமக்களுக்கென மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. நம் சென்னைக் கடற்கரையிலும் 1909இல் ஒரு மீன்காட்சியகம் தொடங்கப்பட்டுப் பல்லாண்டுகள் மக்களை மகிழ்வித்தது.

வாரிங்டன் கண்ட சமநிலையின் மற்றொரு பாதி பின்னரே தெரியவந்தது. ருஷிய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில், அம்மோனியாவை மாற்றும் நுண்கிருமிகளைப் பிரித்துக் காட்டினார். கடல்நீர்த் தொட்டி வைப்போர் அனைவரும் அறியவேண்டிய பாடம் இதுவே.

புதுத் தொட்டியின் முதல் 6 வாரங்கள்

மீன் செவுளால் அம்மோனியாவை வெளிவிடுகிறது. அதன் கழிவும், உண்ணாமல் எஞ்சிய இரையும் அழுகி அம்மோனியாவாகின்றன. இது சிறிதளவே இருப்பினும் மீனைக் கொல்லும் நஞ்சு. மணலிலும் கல்லிலும் குடியேறும் ஒருவகைக் கிருமிகள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. மற்றொரு வகைக் கிருமிகள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. ஆனால் அது பாசிக்கு நல்ல உரம்.

இக்கிருமிகள் புதுத் தொட்டியில் இல்லை. அவை பெருகுவதற்கு ஏறத்தாழ 3 முதல் 6 வாரங்கள் ஆகும். அக்காலத்தில் தொட்டி ஆளில்லாத வீடு போன்றது. கல்லும் மணலும் வெறுமையாய்க் கிடக்கின்றன. உரமோ நாள்தோறும் சேர்கிறது. வெற்றிடம் கண்ட பாசி முதலில் குடியேறுவதில் வியப்பில்லை. உழாது கிடக்கும் வயலில் களை முளைப்பது போன்றதே இது.

ஆகவே, தொட்டி அமைத்த அன்றே மீன் விடுதல் கூடாது. சிறு துண்டு இறாலையோ, ஒரு சிட்டிகை மீனிரையையோ இட்டு, நீரை ஓடவிட்டுக் காத்திருத்தல் வேண்டும். இக்காலத்தில் விளக்கு எரியவேண்டிய தேவையே இல்லை. கிருமிகளுக்கு ஒளி வேண்டா. பாசிக்கே ஒளி வேண்டும். முதல் 4 வாரங்கள் விளக்கை அணைத்து வைப்பதால் ஒரு காசும் செலவில்லை; பாசியின் முதற்படையெடுப்பு பாதியாகக் குறையும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டிய பின்னரே ஒன்றோ இரண்டோ சிறு மீன்களை விடலாம்.

எம் குடியிருப்பை அடுத்த ஓர் இல்லத்தில் நேர்ந்ததை இங்குக் குறிப்பிடுவது பொருந்தும். 100 லிட்டர்த் தொட்டி, 4 மீன்கள். மூன்றாம் வாரத்தில் பழுப்புப் பாசி கண்ட இல்லத்தலைவர், ஞாயிற்றுக்கிழமையன்று நீரனைத்தையும் இறைத்து, மணலையும் கல்லையும் குழாய்நீரில் தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்பினார். தொட்டி மீண்டும் பளிங்காயிற்று. ஆனால் குழாய்நீரின் குளோரின், அரும்பிக்கொண்டிருந்த கிருமிகளை அழித்துவிட்டது. அம்மோனியா மீண்டும் ஏறிற்று. புதன்கிழமைக்குள் 3 மீன்கள் இறந்தன. பத்து நாட்களில் பழுப்புப் பாசி முன்னிலும் மிகுதியாய்த் திரும்பியது. அவ்வில்லத்தின் சிறுவன் மட்டும் மனந்தளரவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரையின் அளவு, விளக்கெரிந்த மணிகள், மாற்றிய நீர் ஆகியவற்றை நாள்தோறும் குறித்தான். நான்கு மாதங்களில் தொட்டி தெளிந்தது. எஞ்சிய அந்த ஒரு மீன் இன்றும் நலமே நீந்துகிறது.

பாசியின் நான்கு முகங்கள்

எல்லாப் பாசியும் ஒன்றன்று; எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தும் இல்லை. நிறத்தையும் தன்மையையும் கண்டு இனம் அறிதல் வேண்டும்.

முதலாவது, பழுப்புத் துகள். இதுவே டயாட்டம். கையால் அலசினால் புகைபோல் கலையும். இதன் ஓடு சிலிக்காவால் ஆனது. புது மணலிலிருந்தும் குழாய்நீரிலிருந்தும் வரும் சிலிக்கேட்டை உண்டு வளரும். அச்சத்துத் தீர்ந்தவுடன் பெரும்பாலும் தானே மறையும். இதற்கு வேண்டிய மருந்து பொறுமை ஒன்றே.

இரண்டாவது, பச்சைப் படலமும் இழைப்பாசியும். படலத்தைக் கண்ணாடியினின்று வாரம் இருமுறை வழித்தெடுத்தால் போதும். இழைப்பாசியோ கல்லில் வேரூன்றியது போல் பற்றிக்கொள்ளும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்துள்ளன என்பதே அது கூறும் செய்தி. கையால் பிடுங்கித் தொட்டிக்கு வெளியே எறிய வேண்டும். பிடுங்கிய ஒவ்வொரு பிடியோடும் அது உண்ட உரமும் வெளியேறுகிறது.

மூன்றாவது, செந்நிறமாகவோ கருநீலமாகவோ மணல்மேல் போர்வைபோல் படரும் வழுவழுப்பு. இதனை நீலப்பச்சைப் பாசி என்பர். உண்மையில் இது பாசியன்று, கிருமியினம். விரலால் தூக்கினால் தாளாக உரியும். நீரோட்டம் குன்றிய மூலைகளில் இது தங்கும். குழாயால் உறிஞ்சி எடுத்து, பம்பின் முகத்தை அம்மூலைக்குத் திருப்புதல் நலம்.

நான்காவது, சளிபோல் நூல்நூலாய்த் தொங்கி, நுனியில் காற்றுக்குமிழ் தாங்கும் பழுப்புப் பொருள். இதுவே முன்னர்க் கூறிய ‘கவரு’வின் உறவு. சில வகைகள் நத்தைகளையும் கொல்லும் நஞ்சுடையன. வியப்பு யாதெனில், நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அறவே ஒழித்த தொட்டிகளில் இது தலையெடுப்பதைத் தொட்டி வளர்ப்போர் பலகாலமாகக் கண்டுவருகின்றனர். வேறு பாசிகள் பசியால் மடிந்த வெற்றிடத்தில் இது குடியேறுகிறது. ஆகவே தூய்மையிலும் அளவு வேண்டும். ‘அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு’ என்னும் முதுமொழி தொட்டிக்கும் பொருந்தும்.

வரவுக் கணக்கு: நீர், இரை, ஒளி

தொட்டிக்குள் உரம் வரும் வாயில்கள் சிலவே. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் வாயில் நீர். கடலருகே இருக்கும் நாம் உப்புநீரை விலைகொடுத்து வாங்குவானேன் என்று பலர் வினவுவர். காயலும் துறைமுகமும் கடலாகா. வேம்பநாட்டுக் காயலில் பெரியாறு, மூவாற்றுப்புழை, மீனச்சில், மணிமலை, பம்பை, அச்சன்கோவில் ஆகிய ஆறுகள் கலக்கின்றன. சூன் முதல் செப்டம்பர் வரை காயல்நீர் பெரும்பாலும் நன்னீராகிவிடும். மழையில்லாத மாதங்களிலும் நகரக் கழிவும் படகுகளின் எண்ணெயும் அதில் உண்டு. அந்நீர் பாசிக்கு விருந்து, மீனுக்குத் தீங்கு. மழைக்காலம் நீங்கலாக, கரையைவிட்டு வெகுதூரம் சென்ற படகிலிருந்து எடுத்து, வடிகட்டி, இருட்டில் சில நாட்கள் வைத்துத் தெளியச்செய்த நீரே பயன்படும். அது எல்லோருக்கும் இயலாது.

எனவே கடல்நீர் உப்புத்தூளை வாங்கி நன்னீரில் கரைப்பதே எளிது. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் என்னும் கணக்கில், 100 லிட்டருக்கு மூன்றரைக் கிலோ வேண்டும். அடர்த்திமானியில் 1.025 அளவு காட்டினால் சரி. சமையலுப்பு இதற்கு உதவாது. கடல்நீரிலுள்ள மக்னீசியம், கால்சியம் முதலியன அதில் இல்லை.

கரைக்கும் நீர் ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்ததாயின் நன்று. ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வீட்டு இயந்திரங்கள் பலவற்றில், சுவைக்காக வடிகட்டாத நீரைச் சிறிது கலந்துவிடும் திருகு ஒன்று உண்டு. அதைத் திறந்து வைத்தால் சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் திரும்பவும் நுழையும். நாள்தோறும் தொட்டிநீர் ஆவியாகிக் குறையும், உப்பு ஆவியாவதில்லை. ஆகவே குறைந்த அளவை உப்பில்லாத வடிநீரால் ஈடுசெய்தல் வேண்டும். அதற்குக் குழாய்நீரை ஊற்றுவோர், நாள்தோறும் ஒரு கரண்டி உரத்தை வைப்பவராகின்றனர்.

இரண்டாம் வாயில் இரை. பாசியின் தலையாய காரணம் இதுவே. வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அன்பின் மிகுதியால் ஒரு சிட்டிகை போடுகின்றனர். தாத்தா காலையில், மருமகள் நண்பகலில், குழந்தைகள் மாலையில் எனப் பகிர்ந்தால் நான்கு மீனுக்கு நாற்பது மீனின் உணவு சேரும். இரை இடும் உரிமையை ஒருவரிடமே ஒப்படைத்தல் வேண்டும். 2 நிமிடத்தில் மீன்கள் தின்று தீர்க்கும் அளவே போதும். உறைந்த இறால் இரையை வடிநீரில் அலசி, அதன் சாற்றை நீக்கி இடவேண்டும். பாஸ்பேட் அச்சாற்றிலேயே மிகுதி. வாரத்தில் ஒருநாள் மீனுக்கும் நோன்பு இருக்கட்டும்.

மூன்றாம் வாயில் ஒளி. பவளமில்லாத தொட்டிக்கு நாளொன்றுக்கு 6 மணி முதல் 8 மணி நேர ஒளி போதும். கூடத்தில் விருந்தினர் இருக்கும்வரை விளக்கெரிப்பது தவறு. நடுமுற்றத்து வெயிலும் சன்னல் வெயிலும் தொட்டியைத் தொடலாகாது. கொச்சியின் வெக்கையில் நீர் 30 பாகையை எளிதில் தாண்டும்; சூடேறிய நீரில் உயிர்வளி குறையும். நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறியின் காற்றுப் படுமாறு வைத்தால் சூடு சற்றுத் தணியும்.

செலவுக் கணக்கு: வெளியேற்றும் வழிகள்

வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுதல் முதல் வழி. 100 லிட்டர்த் தொட்டிக்கு 10 லிட்டர். மாற்றும்போது மணலின் மேற்பரப்பில் தேங்கிய கழிவையும் குழாயால் உறிஞ்சவேண்டும். வடிகட்டியின் பஞ்சை வாரம் இருமுறை அலசாவிடில் அதுவே உரக்கிடங்காகும். அலசுவது தொட்டியிலிருந்து எடுத்த நீரில், குழாய்நீரில் அன்று. பொருள்வசதி உடையோர், கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் கருவியை இணைக்கலாம்.

சோதனைக் குப்பிகளைப் பற்றி ஒரு சொல். பாசி அடர்ந்த தொட்டியில் பாஸ்பேட் பூஜ்யம் என்று சோதனை காட்டும். உடனே நீர் தூய்மை என்று கருதிவிடலாகாது. பாஸ்பேட் நீரில் இல்லை. பாசியின் உடலில் இருக்கிறது. கண்ணும் கருவியும் மாறுபட்டால் கண்ணை நம்புக.

வாரிங்டன் கையாண்ட வழியும் நமக்கு உண்டு. பாசி மேயும் கடல்நத்தைகள் சிலவற்றையும், காலிச் சங்கில் குடியிருக்கும் துறவி நண்டுகளையும் விடலாம். ஆனால் மேய்ப்பவை உரத்தை ஒழிப்பதில்லை. பாசியை உண்டு கழிவாக்குகின்றன. கழிவை நீக்குவது நம் பொறுப்பு. ஓரா மீன் பாசியை நன்கு தின்னும் என்று கேட்டு வாங்குவோர், அது பெரிதாக வளர்வது என்பதை மறத்தலாகாது.

பாசியைக் கொண்டே பாசியை அடக்கும் வழியும் உளது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி என்னும் அறிஞர், பவளத்தொட்டியின் நீரைத் தனித்த ஒரு தட்டின்மேல் ஓடவிட்டு, அத்தட்டில் விளக்கொளியில் பாசியை வளர்த்து, அதனை அவ்வப்போது அறுத்தெடுத்தார். உரமனைத்தும் அத்தட்டுக்கே செல்ல, காட்சித் தொட்டி தூய்மையாய் இருந்தது. சிறிய அளவில் இதனை வீட்டிலும் செய்யலாம். தொட்டியின் பின்புற அறையில் ஒரு கைப்பிடி கடற்பாசியை விளக்கோடு வளர்த்து, மாதம் ஒருமுறை பாதியை அறுத்தெடுத்தால் போதும்.

மருந்தும் சட்டமும்

பாசிக்கொல்லி மருந்து கடையில் கிடைக்கும். வாங்கும்முன் இரண்டு உண்மைகளை எண்ணுக. பல மருந்துகளில் செம்புச்சத்து உண்டு. அது நத்தை, இறால், நண்டு, பவளம் ஆகியவற்றைக் கொல்லும். மேலும், பாசி ஒரே நாளில் மடிந்தால் அது அங்கேயே அழுகும். அழுகல் உயிர்வளியை உண்ணும், அம்மோனியாவை உமிழும். மருந்து ஊற்றிய மறுநாட்காலை மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து தவிப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

கற்களைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. வெளிநாட்டு நூல்கள் பவளப்பாறையைத் தொட்டியில் வைக்கச் சொல்லும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், பவளங்களும் கடற்குதிரைகளும் 2001 முதல் காக்கப்படும் உயிரினங்களாகும். மண்டபம், இராமேசுவரம் சென்று திரும்பும் அன்பர்கள் அங்கிருந்து பவளக்கல்லைக் கொணர்தல் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நுண்துளையுள்ள பீங்கான் கற்களே கிருமிகளுக்குப் போதிய வீடு.

மீனையும் இவ்வாறே ஆராய்ந்து வாங்குதல் நலம். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தோன்றி, மண்டபத்தில் வளர்ந்து, 1971இல் தலைமையகத்தைக் கொச்சிக்கு மாற்றிக்கொண்டது. அதன் அறிஞர்கள் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்விக்கும் முறையை வகுத்துள்ளனர். அவ்வாறு பொரிப்பகத்தில் பிறந்த மீன் தொட்டி வாழ்வுக்குப் பழகியது. கடலின் செல்வமும் குறையாது.

எடுத்த பாசியை எங்கே எறிவது?

பிடுங்கிய பாசியையும் இறைத்த நீரையும் கல்வத்திக் கால்வாயிலோ இராமேசுவரம் கால்வாயிலோ கொட்டிவிடலாம் என்று எண்ணுவோர் உளர். அது பெரும்பிழை. 1984இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே, கடலில் ஒரு சிறு திட்டாக அயல்நாட்டுப் பாசி ஒன்று காணப்பட்டது. கௌலெர்ப்பா என்பது அதன் பெயர். தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்பட்ட இனம் அது. சில ஆண்டுகளில் மத்தியதரைக் கடற்கரையின் பல பகுதிகளில் அது பரவிக் கடற்புல்லை மூடிற்று.

நம் பக்கத்திலும் சான்றுண்டு. தொழிலுக்கென வளர்க்கப்பட்ட கப்பாபைக்கஸ் என்னும் அயற்பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே பவளங்களின்மேல் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர் வெளியிட்டனர். கேரளத்துக் காயல்களையும் வயல்களையும் அடைத்த ஆப்பிரிக்கப் பாயலை அறியாதார் யார்? படகு செல்ல வழியின்றித் துன்புற்ற மக்கள் எத்துணைப் பேர்! அதனை உண்ணும் சிறு வண்டினத்தைக் கொணர்ந்து விட்டபின்னரே பல இடங்களில் அது தணிந்தது. ஆதலால், எடுத்த பாசியை வெயிலில் நன்கு உலர்த்திக் குப்பையில் இடுக. தொட்டிநீரைக் கால்வாயில் கொட்டாது வீட்டுக் கழிநீர்க் குழாயில் விடுக. மீனை வளர்க்க இயலாதபோது கடலில் விடாமல் வேறொரு வளர்ப்பாளரிடம் ஒப்படைக்க.

முடிவாக

கடல்நீர்த் தொட்டி எல்லா இல்லத்துக்கும் ஏற்றதன்று. வாரம் ஒரு மணி நேரமும், தடையற்ற மின்சாரமும், ஆறு மாதப் பொறுமையும் இல்லாதவர்கள் நன்னீர்த் தொட்டியோடு அமைவதே அறம். இவை உள்ளவர்கள் அஞ்சவேண்டுவதில்லை. பழுப்பு வரும், போகும். பச்சை வரும், குறையும். நான்காம் மாதமளவில் கல்லின்மேல் ஆங்காங்கே ஊதாநிறக் கெட்டிப்பூச்சு ஒன்று படிவதைக் காணலாம். அதுவும் பாசியே, சுண்ணாம்புப் பாசி. அது தோன்றின் தொட்டி முதிர்ந்து வருகிறது என்று மகிழலாம். அன்று குழந்தைகளை அழைத்து அதைக் காட்டுங்கள். விரைவில் பெற்ற அழகு விரைவில் மறைவதையும், காத்துப் பெற்ற அழகு நிலைப்பதையும் அவர்கள் தம் கண்ணாலேயே கற்றுக்கொள்வர்.